பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

கார்க் கதவில் பட்டியைத் தேய்த்து முடித்த பெயின்டர் முதலில் கையை வைத்துத்தான் பார்ப்பார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை முழுதும் தகட்டில் படும்படி, அடிபடாத பகுதியில் தொடங்கிப் பட்டி வைத்த இடத்தைக் கடந்து மறுபக்கம் வரை ஒரே இழுப்பாக இழுப்பார். சிலர் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். துணி வழுக்கிக்கொண்டு போகும்போது கண்ணுக்குத் தப்பிய மேடும் பள்ளமும் கையில் தட்டுப்படும். அந்தக் கை எங்கும் தட்டாமல் போய்வந்த பிறகுதான் பிரைமர்.

வீட்டுச் சுவருக்குப் பூசுகிற பட்டிக்கும் காருக்கு வைக்கிற பட்டிக்கும் பெயர் மட்டுமே பொது. சுவர்ப் பட்டி பெரும்பாலும் சிமென்டை வைத்துச் செய்த மாவு. கார்ப் பட்டி பெரும்பாலும் பாலியஸ்டர் என்ற பிளாஸ்டிக். டப்பாவில் களிம்பாக இருந்து, தகட்டின் மேல் போனதும் இறுகிவிடும். பெயின்ட் கடைக்குப் போனால் லைட்வெயிட், ஃபைபர், அலுமினியம், ஃபினிஷிங், என்.சி. என்று அலமாரி நிறைய டப்பாக்கள். எதை வாங்கலாம் என்று கேட்டால் பலரும் கம்பெனிப் பெயரைச் சொல்வார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: அடியில் இருப்பது என்ன தகடு? நிரப்ப வேண்டிய ஆழம் எவ்வளவு? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பாலியஸ்டர் பட்டி வருவதற்கு முன் இந்த வேலையை ஈயம் செய்தது. காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு என்பது வழக்கமான கலவை. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. 183 டிகிரியில் இளகத் தொடங்கும். முழுதாக உருகி ஓட ஏறக்குறைய 255 டிகிரி வேண்டும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் செய்வதுபோலவே, முதலில் தகட்டைச் சுத்தம் செய்து, சூடேற்றி, மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பார்கள். அதன்மேல் ஈயத்தை இளக்கி, தேன்மெழுகு தடவிய மரத் துடுப்பால் தள்ளித் தள்ளிப் பரப்புவார்கள். ஆறியதும் அரத்தால் சீவிச் சமன் செய்வார்கள். 1940, 50களில் அமெரிக்காவில் மெர்க்குரி போன்ற கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்தி, இணைப்புகளை ஈயத்தால் மூடி அழகு பார்த்தார்கள். அந்தக் கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி என்றே பெயர் விழுந்தது.

ஈயம் தகட்டோடு உலோகமாகவே பிணைந்துகொள்ளும். பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும், தீ வேண்டும். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளியும். ஈயத்தின் தூளோ உடம்புக்கு நஞ்சு. 1950களில் பாலியஸ்டர் பட்டி வந்தபோது பட்டறைகள் மெல்ல மெல்ல அதற்கு மாறியதில் வியப்பில்லை. அன்று பரவிய ‘பாண்டோ’ என்ற பிராண்டின் பெயரையே அமெரிக்கர்கள் இன்றும் பட்டிக்குப் பொதுப் பெயராகச் சொல்கிறார்கள்.

டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி ஸ்டைரீனுடையது. பாலியஸ்டர் ரெசின் அதில் கரைந்திருக்கிறது. களிம்பைக் கெட்டியாக்குவது டால்க் தூள். முகப்பவுடரில் இருப்பதும் கல்சட்டி குடையும் மாக்கல்லில் இருப்பதும் இதே தாதுதான். அது மிக மென்மையானது. இறுகிய பட்டியை எமரி ஷீட்டால் தேய்த்து உருவம் கொண்டுவர முடிவதற்கு அது ஒரு காரணம். கூடவே சின்ன டியூபில் வரும் ஹார்டனரில் இருப்பது பென்சாயில் பெராக்சைடு. முகப்பருவுக்குத் தடவும் களிம்புகள் சிலவற்றிலும் மருந்து இதுவே. பட்டியில் இது கலந்ததும் ரெசினும் ஸ்டைரீனும் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுகின்றன. துணி காய்வதுபோல ஈரம் போய் இறுகுகிற பொருள் அல்ல இது. உள்ளே நடக்கும் வினையால் இறுகுகிறது. இறுகும்போது தொட்டால் சூடு தெரியும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியின் குணம் வேறு. அதற்கு ஹார்டனர் கிடையாது. அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கிறது; போன அளவுக்குப் பட்டியும் சுருங்குகிறது. ஊசித் துளையையும் எமரி கீறலையும் மூடத்தான் அது. ஒடுக்கை அதைக் கொண்டு நிரப்பினால், இன்று சமமாகத் தெரிவது சில வாரங்களில் உள்வாங்கி நிற்கும். கலக்கும் வேலை இல்லை என்பதற்காக அதையே அடுக்கடுக்காக அப்புவது வாடிக்கையாளருக்குச் செய்யும் பெரிய தீங்கு.

சாதாரண இரும்புத் தகட்டில் விழுந்த ஒடுக்கை நன்றாக எடுத்தாயிற்று, மீதி இருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் லைட்வெயிட் பட்டி போதும். டால்க்கில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழிகளைச் சேர்த்திருப்பார்கள். எடை குறையும், தேய்க்கவும் சுலபம். அதன்மேல் மெல்லிய ஃபினிஷிங் பட்டி ஒரு கோட்.

ஆனால் எல்லாத் தகடும் வெறும் இரும்பு அல்ல. துருப் பிடிக்காமல் இருக்க இன்றைய கார்கள் பலவற்றின் தகட்டில் துத்தநாகம் பூசியே வருகிறது. சாதாரணப் பட்டிகள் பலவும் துத்தநாகத்தின் மேல் உறுதியாக ஒட்டுவதில்லை. சில மாதம் கழித்து ஓரம் தூக்கி, பெயின்ட்டோடு பட்டியும் பில்லையாகக் கழன்று வந்தால், பலமுறை கோளாறு இந்த இடத்தில்தான். ‘கால்வனைஸ்டு தகட்டுக்கும் ஏற்றது’ என்ற வரி டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சில கார்களில் பானெட் அலுமினியமாக இருக்கும். சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் அலுமினியத்துக்கு ஏற்ற பட்டியைக் கேட்க வேண்டும். பம்பர் பிளாஸ்டிக். அது வளைந்து நிமிர்வது, அதற்கு வளைந்து கொடுக்கும் தனிப் பட்டி இருக்கிறது. தகட்டுக்கு வாங்கியதைப் பம்பரில் போட்டால் அடுத்த இடியில் விரிசல்.

துரு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டால்க் நிறைந்த சாதாரணப் பட்டி ஈரத்தை உறிஞ்சும். கதவின் அடிவிளிம்பில் துரு தின்று ஓட்டை விழுந்திருக்க, அதன்மேல் பட்டியை அப்பினால் பின்பக்கத்து ஈரம் ஓட்டை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். எண்ணூர் முதல் தூத்துக்குடி வரை உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளுக்கு இது சொல்லாமலே புரியும். துருப் பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, இணைப்பின் மேல் ஃபைபர் பட்டி போடுவதே முறை. கண்ணாடி இழை கலந்த அந்தப் பட்டி தண்ணீர் புகவிடாது, வலுவும் கூடுதல். தேய்க்கக் கடினம் என்பதால் அதைச் சற்றுத் தாழ்வாக நிறுத்தி, மேலே சாதாரணப் பட்டி கொடுப்பார்கள். அலுமினியத் தூள் கலந்த பட்டியும் ஈரம் தாங்கும், சுருக்கமும் குறைவு. விலை கூடுதல்.

ஆழத்துக்கு வருவோம். கார்க் கதவுத் தகட்டின் தடிமன் பொதுவாக 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். அதன்மேல் பட்டி 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. 6-ஐத் தாண்டவே கூடாது. சித்திரை வெயிலில் தகடும் விரிகிறது, பட்டியும் விரிகிறது. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. மெல்லிய பூச்சாக இருந்தால் தகட்டோடு ஈடுகொடுக்கும். ஒரு சென்டிமீட்டர் கட்டியாக இருந்தால் தகட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் பாளம் அது. வெடித்தோ பெயர்ந்தோதான் ஓயும். ஆகவே நல்ல பட்டி வேலையில் பாதிக்கு மேல் டிங்கர் கையில் இருக்கிறது. பின்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டையை அணைத்து முன்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கை எடுத்து, அவர் எவ்வளவு நெருங்கி வருகிறாரோ அவ்வளவு பட்டி மிச்சம்.

இனி கலக்கும் இடம். 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் 2 கிராம் என்பது பரவலான அளவு. டப்பாவில் போட்டிருப்பதே இறுதி. கண்மதிப்பாக டியூபைப் பிதுக்குவதற்குப் பதில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ஹார்டனருக்குச் சிவப்போ நீலமோ சாயம் ஏற்றியிருப்பதே கலந்த அளவு கண்ணுக்குத் தெரியத்தான். வழவழப்பான தகட்டின் மேல் பட்டியை வைத்து, பிளேடால் அமுக்கி மடித்து, அமுக்கி மடித்து, கோடு கோடாகத் தெரியும் நிறம் ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும். தோசை மாவைப்போல அடித்துக் கலக்கினால் காற்று புகுந்து ஊசித் துளைகளாக மிஞ்சும். அட்டைப்பெட்டித் துண்டின் மேல் கலப்பதும் தவறு. அட்டை ரெசினை உறிஞ்சிவிடும்.

ஹார்டனர் குறைந்தால் பட்டி அடிவரை இறுகாமல் கொழகொழத்து நிற்கும். கூடினால் மிச்சப் பெராக்சைடு மேலேறி, வெள்ளைக் காரின் புதுப் பெயின்ட்டில் பழுப்புக் கறையாகத் தெரியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுக் கணக்கு. 20 டிகிரியில் நாலைந்து நிமிடம் கையில் நிற்கும் பட்டி, சென்னையின் மே மாத மதியத்தில் பூசி முடிப்பதற்குள் தயிராகத் திரிந்துவிடும். அதற்காக ஹார்டனரை அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. காலையில், நிழலில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். டப்பாவையும் வெயிலில் வைக்கக் கூடாது; தயாரித்த தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய பட்டி டப்பாவுக்குள்ளேயே கட்டிதட்டத் தொடங்கும்.

அடிப்பூச்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் பாலியஸ்டர் பட்டி சரியாக இறுகாது. பட்டிக்கு அடியில் இருக்க வேண்டியது ஒன்று, 80 எண் எமரியால் தேய்த்த வெறும் தகடு. இல்லையேல் நன்றாகக் காய்ந்து தேய்த்த எபாக்சி பிரைமர். இறுகிய பட்டியை 80-ல் தொடங்கி 150, 240, 320 என்று ஏறித் தேய்ப்பார்கள். நம் பட்டறைகளில் தூசு பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரில் தேய்க்கும் பழக்கம் உண்டு. பிரைமருக்கு அது சரி, பட்டிக்குக் கூடாது. டால்க் குடித்த தண்ணீர் பெயின்ட்டுக்கு அடியில் தங்கி, பிறகு கொப்புளமாகவும் துருவாகவும் வெளிப்படும்.

உலர்ந்த முறையில் தேய்த்தால் தூசு பறக்கும். அதற்கு மாற்று தூசி உறிஞ்சும் இயந்திரமும் நல்ல முகக்கவசமும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் ஸ்டைரீனையும் 2024இல் டால்க்கையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளவை’ என்ற பிரிவில் வைத்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் பட்டி தேய்க்கிற பதினெட்டு வயதுப் பையன்களைப் பட்டறை முதலாளிகள் இனியாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இப்போது தடிமன் அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். கதவின் ஒரு மூலையில் மட்டும் எண் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி இருக்கிறது என்று பொருள். அது குறைவாகவும் முறையாகவும் வைத்த பட்டியா, அப்பிய பட்டியா என்பதே விலை பேசும்போது கேட்க வேண்டியது.

காரைப் பட்டறையில் விட்டவர்கள் டெலிவரி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஒடுக்கு எடுத்த பிறகு, பட்டி வைக்கும் முன் ஒருமுறை நேரில் போய்த் தகட்டைப் பாருங்கள். டப்பாவை வாங்கி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிரைமர் அடித்துவிட்டால் அதன்பின் எதையும் பார்க்க முடியாது.