முதியோர் குடியிருப்பில் ஒரு பொது முற்றம்

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் முகம் சுளிப்பது வழக்கம். பிள்ளைகளால் கைவிடப்பட்டோர் ஒதுங்கிக் கிடக்கும் இடம் என்பதே நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம். பண்டிகைக் காலத்தில் அன்பர் குழு ஒன்று பழமும் பலகாரமும் சுமந்து செல்லும். நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும். அடுத்த பண்டிகை வரும்வரை அப்பக்கம் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் இயங்கி வருகிறது. அதனை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதுகிறோம்.

ஜொகூர் பாலத்தைக் கடந்தவுடன் வரும் பகுதி உட்லண்ட்ஸ். அங்கே அட்மிரல்ட்டி எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டி ‘கம்போங் அட்மிரல்ட்டி’ என்னும் 11 மாடிக் கட்டடம் எழுந்துள்ளது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அது அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் தலைசிறந்த கட்டடம் என்னும் விருதையும் பெற்றது. கம்போங் என்பது நாம் ‘கம்பம்’ என வழங்கும் அதே மலாய்ச் சொல்தான். விண்ணைத் தொடும் மாடிக்குக் கம்பம் என்று பெயரா என நகைக்கத் தோன்றும். ஆனால் உள்ளமைப்பைப் பார்த்தால் பெயர் பொருந்தவே செய்கிறது.

மேல்தளங்களில் 104 சிறு வீடுகள் உள்ளன. 55 வயதைக் கடந்த தனியரும் தம்பதியரும் அவற்றில் குடியிருக்கின்றனர். நடுத்தளங்களில் மருத்துவ நிலையம். இரண்டாம் மாடியில் உணவங்காடி. உச்சியில் குடியிருப்போர் காய்கறி பயிரிடும் தோட்டம். இவை யாவற்றிற்கும் அடியில், தரைத்தளத்தில், நாற்புறமும் திறந்த பெருமுற்றம் ஒன்று உண்டு. நம் கருத்தில் அக்கட்டடத்தின் உயிர்நிலை அம்முற்றமே. மேலேயுள்ள மருத்துவ நிலையமே அதற்குக் கூரையாக அமைந்திருப்பதால், வெயிலானாலும் மழையானாலும் நிகழ்ச்சி தடைப்படுவதில்லை.

கூட்டு உடற்பயிற்சி, உடல்நலப் பரிசோதனை, பல இனத்தாரின் பண்டிகைக் கொண்டாட்டங்கள் முதலியன அங்கே நடைபெறுகின்றன. அழைப்பிதழ் வேண்டியதில்லை. வேலை முடிந்து இரயிலிலிருந்து இறங்குவோரும், உணவு வாங்க வருவோரும், பள்ளி விட்டுச் செல்லும் பிள்ளைகளும் நின்று பார்க்கலாம், சேர்ந்துகொள்ளலாம். மருத்துவரைக் காண மேலே காத்திருப்போருக்கும் முற்றத்து நடமாட்டம் கண்ணில் படும். ஊரார் முதியோரைத் தேடிச் சென்று இரக்கம் காட்டும் நிலை இங்கில்லை. தம் வீட்டு வாசலில் நடக்கும் விழாவுக்கு வருவோரை வரவேற்கும் விருந்தோம்புவோராக முதியோர் நிற்கின்றனர். வாங்கும் கை கொடுக்கும் கையாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பளிங்குத் தரையையும் மின்தூக்கியையும் அன்று.

உடலுக்கு வரும் நன்மையும் சிறிதன்று. வயது ஏற ஏறத் தொடைத்தசை மெலிகிறது; நிலைதடுமாறும் வேளையில் உடலைத் தாங்கிக்கொள்ளும் விரைவு குறைகிறது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் எழுந்து நடமாடாதோர் பலர். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றல் போன்ற எளிய பயிற்சிகள் இவ்வாபத்தைக் குறைக்கின்றன. உலகெங்கும் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, பயிற்சி செய்யும் முதியோர் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டியது. ஆயினும் வீட்டில் தனியே செய்யும் பயிற்சி மூன்றாம் நாளே நின்றுவிடும் என்பதை யார்தான் அறியார்! பாட்டும் தாளமும் ஒலிக்க, பக்கத்தில் தோழர் ஒருவரும் நின்றால் அது நிற்பதில்லை. கலை நிகழ்ச்சியையும் நலவாழ்வு நிகழ்ச்சியையும் ஒரே முற்றத்தில் வைத்ததன் நுட்பம் இதுவே. பரிசோதனையும் அவ்வாறே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. தமக்கு அது இருப்பதையே அறியாதோரும் அவர்களுள் அடங்குவர். மருத்துவமனைக்கு அஞ்சுவோர்கூட, விழாவுக்கு வந்த இடத்தில் விரலை நீட்டிவிடுவர்.

அக்கட்டடத்தில் முதியோர் நடவடிக்கை மையமும் குழந்தைகள் காப்பகமும் அருகருகே அமைந்துள்ளன. இதைப் படித்தபோது நம் தோட்டத்து ஆயாக்கொட்டகை நினைவுக்கு வந்தது. தாய்மார் பால்மரம் வெட்டச் சென்றபின், தொட்டில்களை ஆட்டிக் கதை சொல்லி ஒரு தலைமுறையையே வளர்த்த மூதாட்டியர் அங்கே இருந்தனர். சிங்கப்பூர் பெரும்பொருள் செலவிட்டுச் செய்ததன் ஒரு பகுதியை நம்மவர் அத்தாப்புக் கூரையின் கீழ் செய்தனர் என்றால் அது மிகையாகாது.

இன்று நம் முதியோர் நிலை என்ன? விடியற்காலைப் பெரட்டு முதல் பால் நிறுக்கும் நேரம்வரை கூட்டத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். வேலை ஓய்ந்த நாளோடு அக்கூட்டமும் ஓய்ந்துவிடுகிறது. லயத்து வீட்டைக் காலி செய்து, பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடியில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ குடியேறியோர் பலர். நான்காம் மாடியில் தொலைக்காட்சியின் முன் பகல் கழிகிறது. அண்டை வீட்டார் பெயர்கூடத் தெரிவதில்லை. சமூக நலத் துறையின் ஆதரவில் ‘பாவே’ எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் நம் நாட்டிலும் உண்டு. 60 வயதானோர் அவற்றில் சேரலாம். அருகில் இருப்போர் தவறாது சென்று விசாரிக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் இன்னும் எஞ்சியிருப்போர் அங்கே செல்லப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது.

பதினொரு மாடி எழுப்ப நம்மிடம் பொருளில்லை. முற்றம் ஒன்று இருக்கிறது. நம் பள்ளி மண்டபம் சனிக்கிழமைக் காலைகளில் பூட்டியே கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை அதனைத் தோட்டத்துப் பெரியோரிடம் ஒப்படைப்பது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருடன் கலந்து பேசியுள்ளோம். இரத்த அழுத்தம் பார்க்க அரசாங்கக் கிளினிக்கின் தாதியரை வேண்டிக் கடிதம் எழுதவிருக்கிறோம். நிகழ்ச்சியை நடத்த வேண்டியவர்கள் பெரியோர்களே. மாணவர்கள் நாற்காலி போடுவர், தேநீர் வழங்குவர், பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுவர். கும்மி, கோலாட்டம், தப்பு, பழைய தோட்டப் பாடல் ஆகியவற்றில் எதை உங்கள் தாத்தா பாட்டியர் அறிந்திருந்தாலும், அவர்தம் இசைவைப் பெற்று, பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நடக்க இயலாதவரை அழைத்துவர வண்டி தந்துதவக் கூடியவர்களும் தெரிவிக்கலாம்.