வயலுக்கும் வீதிக்கும் ஒரே வாகனம்: பழைய ஜீப், பிக்கப் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பெரும்போக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் வாகனம் ஒன்று வாங்க எண்ணும் கமக்காரர் பலர். மாரி காலத்தில் சேறான வயற்பாதையில் பசளை மூடைகளை ஏற்றிச் செல்லவும், விடியற்காலையில் மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பின்னர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அதே வாகனம் உதவவேண்டும் என்பது அவர்களின் விருப்பமாகும். இதற்கென நான்கு சில்லுகளும் இழுக்கும் பழைய ஜீப் அல்லது பிக்கப் வாகனம் நாடப்படுகின்றது. இந்நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் உள்ள வாகனங்களையே திருத்தியும் நிறம் பூசியும் ஓட்ட நேர்ந்தது. ஆகவே வெளிப்பளபளப்பை நம்பி விலை பேசலாகாது.

இவ்வகை வாகனம் உண்மையில் தேவைதானா என்பதை முதலில் சிந்தித்தல் வேண்டும். ஆண்டில் பத்துப் பதினைந்து நாட்கள் மட்டுமே சேற்றில் இறங்கவேண்டியவருக்குச் சாதாரண பிக்கப் ஒன்றும், அந்நாட்களுக்கு வாடகை உழவு இயந்திரமும் போதும். நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனத்தில் மேலதிக பற்சக்கரப் பெட்டியும், முன் டிபரன்சலும், தண்டுகளும் உள. அவற்றின் பாரமும், எரிபொருளும், திருத்தச் செலவும் நாள்தோறும் உடன்வரும்.

தேவையென்று துணிந்தவர், வாகனத்தின் கதவைத் திறக்குமுன் அதன் அடியிற் குனிந்து பார்க்கவேண்டும். இயந்திரத்தை மாற்றலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம், செசி எனப்படும் அடிச்சட்டம் உளுத்திருப்பின் போட்ட பணம் போனதே. 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த லான்ட் றோவர் இதற்கு நல்ல உதாரணம். அதன் மேற்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலானவை, அடிச்சட்டமோ உருக்காலானது. எனவே மேலே துருவின் அடையாளமேயின்றி, கீழே சட்டம் பொடிந்துபோன வண்டிகள் உண்டு. ஜீப், பிக்கப் முதலியவற்றின் சட்டம் பெரும்பாலும் பெட்டி வடிவான உட்குழாயாக இருப்பதால், வயற்சேறு துளைகளின் வழியே புகுந்து ஈரத்தைத் தாங்கி நிற்கின்றது. துரு உள்ளிருந்து வெளியே தின்று வருகின்றது. சிறு சுத்தியலால் தட்டும்போது நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். வில்தகடுகள் பொருந்துமிடங்களையும் பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் விசேடமாகத் தட்டிப் பார்க்கவேண்டும். மன்னார், புத்தளம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் ஓடிய வாகனமாயின் இருமடங்கு கவனம் தேவை. அடியில் அண்மையிற் பூசிய தடித்த கரும்பூச்சு காணப்படின், அது எதை மறைக்கின்றது எனக் கேட்டல் நன்று.

அடுத்து, முன் பின் டிபரன்சல்களின் அடைப்பைக் கழற்றி எண்ணெயைப் பார்க்கவேண்டும். அது பால்போல் வெளிறியிருப்பின், ஆழ்நீரில் இறங்கியபோது நீர் உட்புகுந்துள்ளது என்பது பொருள். எண்ணெயில் மின்னும் உலோகத் துகள்கள் மிகுதியாக இருப்பின் பற்கள் தேய்கின்றன.

நான்கு சில்லு இயக்கத்தை விற்பவரின் வாய்ச்சொல்லால் அறிதல் இயலாது. பல ஆண்டுகள் தொடாமையால் கியர்த்தடி இறுகிப்போன வாகனங்கள் பல. மணற்பாங்கான அல்லது ஈரமான நிலத்திற்குக் கொண்டுசென்று உயர்வேகத்திலும் தாழ்வேகத்திலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஏற்றத்தில் இழுக்கும்போதும், இறக்கத்தில் காலை எடுக்கும்போதும் தடி தானாகக் கழன்று விழுமாயின் உட்பற்கள் பழுதுற்றுள்ளன. இச்சோதனையைக் காய்ந்த தார் வீதியிற் செய்யலாகாது. திருப்பத்தில் முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் கூடிய தூரம் ஓடுகின்றன. சேற்றில் சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமின்மையால் அழுத்தம் முழுவதும் பற்சக்கரங்களில் விழும். சந்தைக்கு விரையும்போது தடியைக் கழற்ற மறப்போர் பலர். அவர்களிடம் இருந்த வாகனமே பெரும்பாலும் இப்பழுதுடன் விற்பனைக்கு வருகின்றது. நடு டிபரன்சலுடன் எப்பொழுதும் நான்கு சில்லுகளும் இழுக்கும் டிபென்டர் போன்றவற்றைத் தாரில் ஓட்டலாம். ஆயின் அவற்றின் நடுப்பூட்டு விழுந்து கழல்கின்றதா என ஈர நிலத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கவேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புக. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்பும் ஓயாத வெண்புகை, றேடியேற்றர் நீர் உட்புகுவதாலோ டீசல் சரிவர எரியாமையாலோ வரலாம். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 3519 எனின் 2019 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஆழ்ந்த பற்களையுடைய சேற்று ரயர் வயலில் சிறந்தது; நனைந்த தாரில் பிறேக் பிடிக்கும்போது அதனை நம்ப இயலாது. வீதியோட்டமே கூடுதலாயின் இருநிலத்திற்கும் பொதுவான ரயரே ஏற்றது.

செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். சுரண்டிய அல்லது மீளப் பொறித்த இலக்கமுள்ள வண்டியை விட்டுவிடுக. குத்தகைக் கடன் தீராத வாகனமாயின், நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணமும் கொடுக்கலாகாது. பார்வையிடுவதற்கு மழை பெய்த மறுநாட் காலை உகந்தது. கூரையும் கதவுகளும் ஒழுகுவது அப்பொழுதே தெரியும்.