வெள்ளிக் கடை வீதியிலே

மலை ஊரில் கடை பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதலில் தங்கள் முழங்கால்களின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்வது நல்லது. மெக்ஸிகோ தேசத்தில், தலைநகருக்குத் தெற்கே குர்ரேரோ மாகாணத்திலுள்ள டாஸ்கோ என்னும் ஊரில் கால் வைத்த அரை மணி நேரத்துக்குள் இவ்வுண்மை நமக்கு விளங்கிவிட்டது. அங்கே சமதரை என்று சொல்லத்தக்கது தேவாலயத்தின் எதிரிலுள்ள சதுக்கம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிடில் இறக்கம். கல் பதித்த சந்துகளில் ஆமை வடிவான பழைய வோக்ஸ்வாகன் வாடகை மோட்டார்கள் உறுமிக்கொண்டு ஏறுகின்றன. சுவரோடு ஒட்டி நின்று அவற்றுக்கு வழிவிட்டுக்கொண்டே நடந்தோம்.

இருபுறமும் வெள்ளிக் கடைகள். காப்பு, சங்கிலி, தட்டு, கிண்ணம் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னே பளபளக்கின்றன. இந்த மலையின் வெள்ளி ஸ்பானியர் ஆட்சியில் முந்நூறு வருஷ காலம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஊருக்கு மிஞ்சியவற்றுள் பெரியது, சுரங்கத்தால் பெருஞ் செல்வரான ஹோஸே தெ லா போர்தா என்பவர் 1751 முதல் 1758 வரை கட்டுவித்த ஸான்டா பிரிஸ்கா தேவாலயம். ஆனால் இன்றைய கடை வீதி அவ்வளவு பழையதன்று. வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர் 1929-ல் இங்கே குடியேறினார்; 1931-ல் ஒரு பட்டறை தொடங்கினார். மெக்ஸிகோவின் புராதனச் சிற்பங்களைப் பார்த்து நகைக்கு உருவம் வகுத்தார். அவரிடம் தொழில் பயின்ற உள்ளூர் இளைஞர்கள் பிற்பாடு தனித்தனியே பட்டறை வைத்தார்கள். அந்தோனியோ பினேதாவின் பெயர் அப்படித்தான் கடல் கடந்தது.

சனிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. 'தியாங்கிஸ்' என்று அதற்குப் பெயர்; ஸ்பானியர் வருவதற்கு முந்திய மொழியிலிருந்து வந்த சொல். அங்கே நகைகளைக் குவியலாகப் போட்டு, நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

தேவாலயத்துக்குக் கீழே படிக்கட்டுகளில் இறங்கினால் காய்கறி அங்காடி. மிளகாய்க் குவியலைக் கண்டதும் சொந்தக்காரரைச் சந்தித்தாற்போல் இருந்தது. நம் வீட்டு மிளகாய்க்கு இதுவே பிறந்தகம். போர்த்துகீசியர் அல்லவா அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது! பக்கத்திலேயே ஓர் அம்மாள் 'ஹுமில்' என்னும் பூச்சிகளை உயிரோடு விற்றுக்கொண்டிருந்தாள். மிளகாயோடு அரைத்துத் துவையலாக உண்பார்களாம். அந்த மட்டில் உறவை முடித்துக்கொண்டு மேலே நடந்தோம்.

ஒரு சந்தின் கோடியில், கண்ணாடி அலமாரி இல்லாத சிறு கடை. கிழவர் ஒருவர் குனிந்து வெள்ளித் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரிய கடை ஒன்றில் நாம் வாங்கியிருந்த காப்பை நீட்டினோம். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அல்பாக்கா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த லோகம் அது. அதில் வெள்ளி குந்துமணியளவும் கிடையாது. அசல் நகையில் 925 என்ற முத்திரை இருக்க வேண்டும். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். அதனருகே, செய்தவரைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் இருந்தால் இன்னும் விசேஷம்.

2007-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது முதல் ஊரின் பெரிய சுரங்கம் ஓய்ந்துவிட்டது. இப்போது வெள்ளி வெளியிலிருந்து வருகிறது. அதைப்பற்றிக் கிழவருக்கு அவ்வளவு விசாரம் இல்லை. "வெள்ளியை எங்கும் வாங்கலாம். இயந்திரத்தில் வார்த்த காப்பு ஒரு நிமிஷத்தில் விழுகிறது. எனக்கு இரண்டு நாள் ஆகிறது. விலை கேட்பவர்களோ இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்," என்றார். அவருடைய மகன் வாடகை மோட்டார் ஓட்டுகிறான். சுத்தியல் பிடிக்க அவனுக்கு விருப்பமில்லையாம்.

அவரிடம் ஒரு சிறு கிண்ணம் வாங்கினோம். வெள்ளியின் விலையை ஒரு சீட்டிலும், கூலியை வேறொரு சீட்டிலும் எழுதி வைத்தார். நாம் வழக்கம்போல் பேரம் பேச வாயெடுத்து, இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டோம். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியிலிருந்த தம் முத்திரையை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.