கோட்டையை விட்டு இறங்கும் கேமரா

திண்டுக்கல்லில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் விடுமுறை நாளில் மலைக்கோட்டைக்கு ஏறுகிறார்கள், இல்லையென்றால் கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். இந்தப் பழக்கம் பழையது. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றியபோது அவரிடம் இருந்தது பெரும்பாலும் காகித நெகட்டிவ். அதில் உருவம் பதிய நேரம் பிடிக்கும். ஆள் அசைந்தால் படம் கலைந்துவிடும். கோபுரமும் பாறையும் அசையாது. அரசு முக்கியமாகக் கேட்டதும் அவற்றைத்தான். இன்றைய செல்போன் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடிக்கிறது. நாமோ இன்னும் அசையாததையே தேடி மலை ஏறுகிறோம்.

புதிய பொருள் வேண்டுமென்றால் தூர ஊருக்குப் போகத் தேவையில்லை, வேறு வெளிச்சத்துக்குப் போனால் போதும் என்பதே என் கட்சி. திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேராகத் தலைமேல் விழும். கோட்டைச் சுவருக்கு நிழலே இராது, படம் தட்டையாகிவிடும். அதே நேரத்தில் பூட்டுப் பட்டறைக்குள் பாருங்கள். வாசல் வழியே வரும் வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்பி, அரம் போடுகிற கையையும் மாங்காய்ப் பூட்டின் வளைவையும் பக்கவாட்டில் காட்டும். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கேமரா இங்கே ஏமாறும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே அது கணக்குப் போடுவதால், கரிபடிந்த அறையை வெளுக்கவைத்து இரும்பின் பளபளப்பைக் கெடுத்துவிடும். எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். பூ மார்க்கெட்டில் குவிந்திருக்கும் மல்லிகைக்கு நேர் எதிர். வெள்ளையைக் கேமரா அழுக்காக்கும், எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். கோட்டையை மட்டுமே எடுப்பவருக்கு இந்த இரண்டும் தெரியவரும் வாய்ப்பு குறைவு.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்தால்தானே கை தேறும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தேறியது கையா, அந்த இடத்து வெயிலின் தயவா என்பது இடம் மாறினால்தான் தெரியும். விலையுயர்ந்த லென்ஸ் வேண்டுமே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: ஐம்பது மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் பெரும்பாலான கம்பெனிகளில் மலிவானவற்றில் ஒன்று, இருண்ட பட்டறைக்கு அதுவே போதும். கனமான ஆட்சேபம் வேறொன்று. உழைப்பவரின் வறுமையை அழகாக்கி லைக் வாங்குவது நியாயமா? அனுமதி கேட்டுவிட்டால் இது தீர்ந்துபோகாது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவரை நிற்கவைத்துப் போஸ் கேட்டால் அவர் வருமானத்தில் கைவைக்கிறோம். வேலை நடக்கிறபடியே நடக்கட்டும், எடுத்த படத்தை அவருக்குக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

புதியது என்பதற்காக எல்லாவற்றையும் எடுக்கவும் கூடாது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பிறகு தேவாங்குப் படத்துக்கு ஆசைப்படுபவர்கள் கூடியிருப்பார்கள். இரவில் இரை தேடும் பிராணி அது. மங்கிய ஒளிக்குப் பழகிய பெரிய கண்கள். ஆய்வாளர்களே சிவப்பு விளக்கோடுதான் போகிறார்கள். ஃபிளாஷை மாட்டிக்கொண்டு, தேவாங்குகள் வாழும் அய்யலூர்க் காட்டோரம் கிளம்ப நினைப்பவர், அந்த நேரத்துக்குப் பூ மார்க்கெட் போகலாம். மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.