இரவில் எழுந்தால்: கழிவறைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஒரு சோப்பு



பகலில் நம் வீடுகளில் சுத்தத்துக்குக் குறைவில்லை. ஐந்து வேளையும் உளூ செய்கிறோம். கழிவறைக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் நிலைமை வேறு. பாதித் தூக்கத்தில் போகிறோம், கழுவுகிறோம், கையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறோம். விளக்கைப் போட்டால் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்களே என்று இருட்டிலேயே திரும்புகிறோம். வழியில் தாகம் எடுக்கிறது. குடத்தைத் திறந்து டம்ளரை முக்கி, ஒரு வாய் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

காலையில் அதே குடத்துத் தண்ணீரைத்தான் வீடே குடிக்கிறது. கூச்சத்தால் யாரும் பேசாத இந்தச் சிறு விஷயத்தைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறோம்.

மார்க்கம் காட்டிய வழி

தூக்கத்திலிருந்து எழுந்தவர் தம் கையை மூன்று முறை கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தக் கை இரவில் எங்கே இருந்தது என்பது தூங்கியவருக்குத் தெரியாது என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறு வயதில் தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கியபோது கண்டதும் நமக்குப் பாடம். நபி (ஸல்) அவர்கள் இரவில் எழுந்து, தேவையை முடித்து, முகத்தையும் கைகளையும் கழுவிவிட்டு மறுபடியும் உறங்கினார்கள். தொழுகைக்காக எழும் முன்பே, மீண்டும் படுப்பதற்கு என்றே கழுவினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னது, வலது கையால் சுத்தம் செய்வதைத் தடுத்தது, சிறுநீர் துளிகளில் அலட்சியமாக இருந்தவரின் கப்ர் வேதனையை எச்சரித்தது ஆகிய அனைத்தும் நாம் கேட்டு வளர்ந்தவைதான். இவற்றைத் தூக்கக் கலக்கத்திலும் விடாமல் இருப்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

இருட்டில் கை போகும் வழி

நாம் தண்ணீரால் சுத்தம் செய்பவர்கள். உடலுக்கு அது மிக நல்லது. ஆனால் கை நேரடியாக அசுத்தத்தைத் தொடுவதால், அதன் பிறகு சோப்பு கட்டாயம் தேவை. வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்கும். தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டியிருக்கும் கிருமி அதற்கு அவ்வளவாக அசையாது. சோப்பு அந்தப் பசையைக் கரைத்துக் கிருமியையும் சேர்த்து வழித்துவிடும்.

சோப்புப் போடாத கை அடுத்து எதைத் தொடுகிறது என்று பாருங்கள். சொம்பு அல்லது மக், குழாயின் பிடி, கதவுத் தாழ்ப்பாள், விளக்கு சுவிட்ச், குடத்தின் மூடி, டம்ளர், தொட்டிலில் அழும் குழந்தையின் பால் புட்டி. டைஃபாய்டு, காலரா, சீதபேதி, கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ ஆகியவை எல்லாம் மலத்திலிருந்து வாய்க்குப் போகும் நோய்கள். அவை போவதற்கு இந்தப் பாதை போதும்.

நம் மாநிலத்துக்கே இதில் அனுபவம் உண்டு. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குழாய்த் தண்ணீரைச் சரிசெய்வது அரசின் பொறுப்பு. பிடித்து வைத்த தண்ணீர் வீட்டுக்குள் கெடாமல் பார்ப்பது நம் பொறுப்பு. சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்து வேறு இல்லை.

கீரிப்பூச்சி இன்னொரு எடுத்துக்காட்டு. இந்தப் பூச்சி இரவில்தான் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். தூங்கும் பிள்ளைக்கு அரிப்பெடுக்கும், தன்னை அறியாமல் சொறியும், முட்டை நகத்துக்குள் போகும். காலையில் அந்த விரல் வாய்க்குப் போகும். படுக்கை விரிப்பிலும் துணியிலும் இந்த முட்டைகள் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது. தூங்கியவரின் கை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது என்ற எச்சரிக்கையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். நகத்தை வெட்டுவதும், எழுந்ததும் கை கழுவுவதும், மருத்துவர் சொன்னால் வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிடுவதும் இதற்குத் தீர்வு.

படுக்கும் முன் ஐந்து நிமிடம்

தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. எனவே ஒழுங்கைப் படுக்கும் முன்பே செய்து வைத்துவிட வேண்டும்.

1. சோப்பு, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெரிய மார்க்கெட்டில் பூண்டு, வெங்காயம் வாங்கும்போது வருகிற வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடலாம். தண்ணீர் வடிந்துவிடும், சோப்பு கரையாது, இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும்.

2. வாளியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். தண்ணீர் இல்லாததால்தான் பலர் அரைகுறையாகக் கழுவுகிறார்கள்.

3. போகும் வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். யாருடைய தூக்கமும் கெடாது. சோப்பும் தெரியும், படியும் தெரியும்.

4. குடிநீர்ப் பாத்திரத்தை மூடி வையுங்கள். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லையென்றால் நீளமான பிடியுள்ள கரண்டி ஒன்றைப் போட்டு, விரல் தண்ணீரில் படாமல் எடுங்கள். இரவில் தாகம் எடுப்பவர்களுக்குத் தலைமாட்டில் ஒரு பாட்டில் வைத்துவிட்டால் குடத்துக்குப் போகும் வேலையே இல்லை.

5. கழிவறைக்கென்று தனிச் செருப்பு வாசலில் இருக்கட்டும். தொழும் இடத்துக்கு அசுத்தம் வராது.

முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிவறை முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள் குடியிருந்து ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதும் உண்டு. அங்கே பொதுச் சோப்பு தங்காது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு சோப்பு டப்பாவை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே நுழையும் முன் கை கழுவிவிடலாம். தாழ்ப்பாளையும் குழாய்ப் பிடியையும் முறை வைத்துத் தினமும் துடைப்பதற்குப் பக்கத்து வீட்டாரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு மூச்சை அடைக்கும்.

கழுவும் முறை எளிது. கையை நனைத்து, சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி என்று 20 விநாடி தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்க வேண்டும். உளூவில் விரல்களைக் கோதிக் கழுவும் பழக்கம் உள்ள நமக்கு இது புதிதல்ல. அதோடு சோப்பைச் சேர்த்தால் போதும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று நினைக்க வேண்டாம். அதிலும் கிருமி உண்டு. குழந்தையைக் கழுவிவிட்ட தாய், பால் கலக்கும் முன் சோப்புப் போட்டே ஆக வேண்டும்.

பெண்கள் பின்கட்டு இருட்டுக்குப் பயந்து சிறுநீரை விடியும் வரை அடக்கி வைப்பது அடிக்கடி நீர்க்கடுப்பு வரக் காரணமாகிறது. சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு

நம் பெரியவர்களில் பலர் இரவில் எழ வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளை எழுப்பக் கூச்சப்படுகிறார்கள். இருட்டில் தனியாகப் போய் ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார்கள். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை.

எழுந்ததும் உடனே நிற்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மிகவும் அவசியம். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும்போது இரத்த அழுத்தம் குறைந்து மயங்கி விழும் ஆண்களும் உண்டு. உட்கார்ந்து கழிக்கும் நம் பழக்கம் இதற்கும் பாதுகாப்பு. சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். பாசி படியாமல் தேய்த்துக் கழுவுங்கள். "அத்தா, உள்ளே தாழ் போடாதீங்க, நாங்க யாரும் வரமாட்டோம்" என்று அன்போடு சொல்லி வையுங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்குக் கட்டிலருகே பாத்திரம் வைப்பதில் இழிவு எதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் கட்டிலுக்குக் கீழே இரவில் சிறுநீர் கழிப்பதற்கென்று ஒரு மரப் பாத்திரம் இருந்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உள்ளது. அதை மூடி வைத்து, காலையில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும். எடுத்துக் கொட்டுபவர் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவதால் உடை அசுத்தமாகிறதே என்று பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்களும் இருக்கிறார்கள். மார்க்கம் இவர்களைக் கைவிடவில்லை. அடக்க முடியாத கசிவு உள்ளவருக்கு, துணி வைத்துக் கட்டித் தொழுகை நேரம் வந்த பின் உளூ செய்து தொழுதுகொள்ளும் சலுகை உண்டு. தங்கள் நிலைமையை இமாமிடம் தனியாகச் சொல்லி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அடிக்கடி எழுந்தால்

வயதானவர் இரவில் ஒரு முறை எழுவது இயல்பு. இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருந்தால் உடல் எதையோ சொல்கிறது என்று பொருள். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, கால் வீக்கம், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு, இரவு நேரத்து டீ, காபி எனக் காரணங்கள் பல. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரையை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கூறியது. புதுச்சேரியில் 26.3 சதவீதம். 26.4 சதவீதம் உள்ள கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. நான்கு பேரில் ஒருவருக்கு மேல்! இரத்தத்தில் சர்க்கரை ஓர் அளவைத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியேற்றும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் இரவில் அடிக்கடி எழுகிறார்கள், எழுந்ததும் தாகம் எடுக்கிறது. இவர்கள் தண்ணீரைக் குறைப்பது தவறு, ஆபத்தும்கூட. சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் தொற்றும் அரிப்பும் எளிதில் வரும். ஆகவே கழுவிய பின் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இருட்டில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். மேல் சிகிச்சைக்கு ஜி.எச்.சும் ஜிப்மரும் நம் ஊரிலேயே இருக்கின்றன. போகும் முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவை இருந்தால் அன்றே போக வேண்டும்.

படுக்கையை நனைக்கும் சிறு பிள்ளைகளை அடிக்கவோ மற்றவர் முன் கேலி செய்யவோ வேண்டாம். ஐந்தாறு வயது வரை இது சாதாரணம். படுக்கும் முன் ஒரு முறை கழிவறைக்கு அழைத்துப் போங்கள். முன்பு நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தண்ணீரும் அதிகமாகக் கேட்டால் உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

இன்றிரவு படுக்கும் முன் வீட்டில் ஒரு முறை நடந்து பாருங்கள். கழிவறையிலிருந்து தண்ணீர்க் குடம் வரை போகும் வழியில் சோப்பு எங்கே இருக்கிறது? இல்லையென்றால் இன்றே ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தஹஜ்ஜுதுக்கு எழுபவருக்கும், மூன்று மணிக்கே மார்க்கெட்டுக்குக் கிளம்புபவருக்கும், பாலுக்கு அழும் குழந்தைக்கும் அது பயன்படும்.

தூய்மையாக இருப்போரை நேசிக்கும் அல்லாஹ், நம் உடலையும் வீட்டையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, நம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.