‘சும்மா அரிப்புதானே?’ எக்சிமா குழந்தைகளின் தூக்கத்தையும் பள்ளி வாழ்க்கையையும் எப்படிப் பாதிக்கிறது?

ராத்திரி இரண்டு மணி. ஃபேன் சத்தத்துக்கு நடுவே ‘சரக் சரக்’ என்று இன்னொரு சத்தம். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை தூக்கத்திலேயே முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கையை மெதுவாக விலக்கிவிட்டால், ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதே சத்தம். காலையில் பார்த்தால் பெட்ஷீட்டில் சின்னச் சின்னதாக ரத்தக் கறை.

எக்சிமா உள்ள குழந்தை வளரும் வீட்டில் இது பழகிப்போன காட்சி. அதே குழந்தையைப் பகல் 11 மணிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனால், அவர் கண்ணில் படுவது கையில் இருக்கும் ரெண்டு சிவந்த திட்டுகள் மட்டும்தான். வீட்டுக்கு வரும் உறவினரும் "சும்மா அரிப்புதானே, வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பல குழந்தைகளுக்கு வளர வளரக் குறைவது உண்மைதான். ஆனால், அதுவரை போகும் வருஷங்களில்தான் அந்தக் குழந்தை பேசவும், படிக்கவும், நண்பர்களைச் சேர்க்கவும் கற்றுக்கொள்கிறது. அந்த வருஷங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

எக்சிமா என்றால் என்ன?

மருத்துவப் பெயர் அடோபிக் டெர்மடைடிஸ். நம் ஊரில் ‘கரப்பான்’ என்பார்கள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் அதிகமாக வரும்.

தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். எக்சிமாவில் அந்தச் சுவரின் பூச்சு சரியாக இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது. வெளியே இருக்கும் தூசு, சோப்பு, வியர்வை எல்லாம் உள்ளே போய் எரிச்சலைக் கிளப்புகின்றன. தோலின் மேல்படலத்தை உறுதியாக்கும் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதத்துக்கான மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006இல் கண்டறியப்பட்டது.

முக்கியமான விஷயம்: இது தொற்றுநோய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலோ, கையைப் பிடித்தாலோ, டிபன் பாக்ஸைப் பகிர்ந்தாலோ யாருக்கும் ஒட்டாது. அழுக்காலும் வருவதில்லை. "சரியா குளிப்பாட்டலையா?" என்ற கேள்வி அம்மாவைக் காயப்படுத்துமே தவிர, குழந்தைக்கு எந்த வகையிலும் உதவாது.

தோலைப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதை மருத்துவ உலகம் 30 வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. 1995இல் பிரிட்டனைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் லூயிஸ் ஜோன்ஸும் ஃபின்லேயும் 4 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்காக ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 10 கேள்விகள். எல்லாமே ‘போன வாரம்’ பற்றியவை.

அரிப்பு, வலி எவ்வளவு இருந்தது? வெட்கமாகவோ சோகமாகவோ இருந்ததா? நண்பர்களோடு பழகுவது பாதித்ததா? தோலை மறைக்க வேறு உடை போட்டாயா? வெளியே போவது, விளையாடுவது? நீச்சல், விளையாட்டுப் போட்டி? பள்ளிக்கூடம்? யாராவது கிண்டல் செய்தார்களா? தூக்கம் கெட்டதா? மருந்து போடுவதே தொல்லையாக இருந்ததா?

கவனித்தீர்களா? எத்தனை சென்டிமீட்டர் திட்டு என்று ஒரு கேள்விகூட இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. எண் கூடக் கூட, பாதிப்பும் கூடுதல். உடம்பில் திட்டு குறைவாக இருந்தாலும், அது முகத்தில் இருந்து வகுப்பில் கேலிக்கு உள்ளானால் மதிப்பெண் எகிறிவிடும்.

2006இல் பிரிட்டனில் வெளிவந்த இன்னொரு ஆய்வு, நாள்பட்ட நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு, நோய்களை ஒப்பிட்டுப் பார்த்தது. உடம்பு முழுக்கப் பரவிய எக்சிமா, அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பதில் சிறுநீரக நோய்க்கும், நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கும் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. ஆஸ்துமாவை விட அதிகமாகவும் இருந்தது. ‘சும்மா அரிப்பு’ என்று சொல்வதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரியில் ஏன் அதிகமாகிறது?

பகலில் விளையாட்டு, பாடம், டிவி என்று கவனம் வேறு பக்கம் போய்விடும். படுத்ததும் மனசுக்கு வேலை இல்லை, அரிப்பு மட்டும்தான் மிச்சம். போதாததற்கு, இரவில் தோலின் சூடு கூடும். வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் உடம்பில் குறையும்.

சொறிந்தால் தோல் கிழியும். கிழிந்த தோல் இன்னும் அரிக்கும். இந்தச் சுழலில் மாட்டிய குழந்தையிடம் "சொறியாதே" என்று சொல்வது, விக்கல் எடுப்பவரிடம் "விக்காதே" என்று சொல்வது மாதிரி.

பிரிட்டனில் சுமார் 14,000 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. எக்சிமா உள்ள குழந்தைகள் தூங்கிய மொத்த நேரம் மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் தூக்கத்தின் தரம் கெட்டிருந்தது. அடிக்கடி விழிப்பு, தூக்கம் பிடிக்கவே சிரமம். "ஒன்பது மணிக்குப் படுத்தான், ஆறு மணிக்கு எழுந்தான், நல்லாத்தானே தூங்கினான்" என்று மணிக்கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு இது தெரியாமலே போகலாம்.

மறுநாள் அது வேறு முகத்தில் வெளிவரும். எரிச்சல், பிடிவாதம், வகுப்பில் கவனமின்மை. டீச்சரின் டைரியில் ‘இன்அட்டென்டிவ்’ என்று எழுதப்படும். தோலில் இருக்கும் பிரச்சினை, குணத்தில் இருக்கும் பிரச்சினையாக மாறிப்போவது இப்படித்தான்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

பி.டி. பீரியடில் வியர்வை, பாலியெஸ்டர் யூனிஃபார்ம், கழுத்தில் உரசும் டை. நம் ஊர் வெயிலில் இவை எல்லாமே அரிப்பைக் கிளப்பும். பக்கத்து சீட் குழந்தையின் வீட்டிலிருந்து "ஒட்டிக்குமா?" என்ற சந்தேகமும் வரலாம்.

வருஷத் தொடக்கத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. ‘தொற்றாது’ என்று டாக்டர் ஒரு வரி எழுதித் தந்தால் அதையும் கொடுக்கலாம். காட்டன் உள்சட்டை, ஃபேனுக்கு அடியில் இடம், பையில் ஒரு சின்ன மாய்ஸ்சரைசர் டப்பா, விளையாடிய பிறகு முகம் கை கழுவ ஐந்து நிமிஷம். பள்ளியிடம் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

குழந்தைக்கும் ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள். "இது எக்சிமா. உனக்கு ஒட்டாது. எனக்கு அரிக்கும், அவ்வளவுதான்." யாராவது கேட்கும்போது சொல்ல ஒரு பதில் கையில் இருந்தால், முழுக்கை சட்டைக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றாது.

கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

‘கரப்பான் பண்டம்’ பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். சில சின்னக் குழந்தைகளுக்கு, குறிப்பாகக் கடுமையான எக்சிமா இருந்தால், உணவு ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கலாம். குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டவுடன் தடிப்போ வாந்தியோ வந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆனால் சந்தேகத்தின் பேரில் பால், முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால், வளரும் குழந்தைக்குச் சத்துக் குறைவுதான் மிஞ்சும். பிறந்தநாள் விழாவில் எல்லோரும் கேக் சாப்பிட, தான் மட்டும் ஓரமாக நிற்பதும் ஒரு பாதிப்புதான்.

ஸ்டீராய்டு என்றாலே பயமா?

இங்கே இரண்டு தப்புகள் நடக்கின்றன. ஒன்று, டாக்டர் எழுதிக்கொடுத்த ஆயின்மென்டைப் பயந்து பயந்து பொட்டு மாதிரி தடவுவது. இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வீரியமான கலப்பு க்ரீமை மாதக்கணக்கில் பூசுவது. முதலாவதில் நோய் அடங்காது. இரண்டாவதில் தோல் மெலிந்துபோகும். இந்தத் தவறான பயன்பாட்டைத் தடுக்கத்தான், 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது.

சரியான வீரியம், சரியான இடம், சரியான காலம். இந்த மூன்றையும் டாக்டர் முடிவு செய்தால், இது பயப்பட வேண்டிய மருந்து இல்லை. எவ்வளவு பூசுவது என்பதற்கு எளிய அளவு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் அது ‘ஒரு விரல்நுனி அளவு’, சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புள்ள தோலுக்கு அது போதும். 3 முதல் 5 வயதுக் குழந்தையின் ஒரு முழுக் கைக்கு இரண்டு விரல்நுனி அளவு.

எந்த மாய்ஸ்சரைசர் நல்லது?

550 குழந்தைகளிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு, லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022இல் முடிவு சொன்னது: பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தை அழாமல் பூசிக்கொள்வது எதுவோ, அதுதான் நல்ல மாய்ஸ்சரைசர். விலை உயர்ந்த டப்பாவைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, மலிவானதைத் தாராளமாகப் பூசுவது மேல். குளித்து, ஒற்றித் துடைத்த ஈரத்தோலில் உடனே பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

பாட்டி சொல்லும் தேங்காய் எண்ணெய்? லேசான, மிதமான எக்சிமா உள்ள குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தந்தது. ஈரப்பதத்துக்கு அது உதவலாம். ஆனால் தோல் சிவந்து வீங்கியிருக்கும்போது மருந்துக்கு மாற்று ஆகாது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

காய்ச்சலோடு, வலிக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எக்சிமா தோலில் வேகமாகப் பரவும் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், பரவும் சிவப்பு இருந்தால் பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்பு. அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் என்ன சொல்வது?

போவதற்கு முன் ஒரு வாரம், போனில் தினமும் நாலு வரி குறித்து வையுங்கள். ராத்திரி எத்தனை முறை விழிப்பு? பள்ளி எப்படிப் போனது? விளையாடப் போனதா? யாராவது ஏதாவது சொன்னார்களா? திட்டு அதிகமாக இருக்கும் ராத்திரியில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

பேசத் தெரிந்த குழந்தையிடம் நேரடியாகக் கேளுங்கள். "இதுல உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கறது எது?" என்று. நீங்கள் திட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். குழந்தை சொல்வது நீச்சல் வகுப்பைப் பற்றியோ, பக்கத்தில் உட்கார மறுத்த நண்பனைப் பற்றியோ இருக்கலாம்.

அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டினால், அவருக்கு ரெண்டு திட்டுகளுக்குப் பதிலாக ஏழு ராத்திரிகள் தெரியும். சிகிச்சை தொடங்கிய பிறகும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். ‘நடுவில் எழவில்லை’ என்று எழுதும் ராத்திரிகள் கூடிக்கொண்டே வந்தால், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.