க்ளிக் ஆகணுமா? போர்ட்ஃபோலியோ ரெடி பண்ணுங்க!

'மச்சி, நீ மட்டும் விளம்பரத்துல நடிச்சேன்னு வெச்சுக்கோ... பிச்சுக்கும்டா!' என்று கேன்டீனில் ஓசி சமோசா சாப்பிட்டபடி உசுப்பேற்றும் நண்பர்கள் எல்லா காலேஜிலும் உண்டு. கல்ச்சுரல்ஸ் ராம்ப் வாக்கில் நாலு விசில் விழுந்தால் போதும், மறுநாளே 'மாடலிங் ட்ரை பண்ணலாமா?' என்ற பட்டாம்பூச்சி வயிற்றுக்குள் பறக்கும்.

பறக்கட்டும், தப்பே இல்லை. ஸ்டெல்லா மாரிஸில் காமர்ஸ் படித்த காலத்தில் மாடலிங் பக்கம் எட்டிப் பார்த்தவர்தான் சமந்தா. 1999-ல் 'மிஸ் சென்னை' பட்டம் ஜெயித்த பிறகுதான் த்ரிஷாவை ஊரே திரும்பிப் பார்த்தது. ஆனால், வாய்ப்பு கேட்டுப் போகிற இடத்தில் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்... 'போர்ட்ஃபோலியோ இருக்கா?'

அங்கேதான் பல பேர் சொதப்புகிறார்கள். அவசர அவசரமாகப் பணத்தைக் கொட்டி, ஆளே அடையாளம் தெரியாத ஆல்பத்தோடு போய் நிற்கிறார்கள். நீங்க அந்த லிஸ்ட்டில் சேர வேண்டாம். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்!

முதல்ல மொட்டை மாடி!

ஸ்டுடியோவுக்கு ஓடாதீங்க. ஏஜென்சிகள் முதலில் பார்க்க நினைப்பது மேக்கப் இல்லாத உங்க நிஜ முகத்தை. இதற்கு 'டிஜிட்டல்ஸ்' என்று பெயர். ஃபிலிம் காலத்தில் போலராய்டு கேமராவில் எடுத்ததால், பழைய ஆட்கள் இன்னும் 'போலராய்ட்ஸ்' என்பார்கள். இதற்கு ஒரு செல்போனும், ஒரு வெள்ளைச் சுவரும், பொறுமையான ஒரு ஃப்ரெண்டும் போதும்.

எழுத்து, படம் எதுவும் இல்லாத டி-ஷர்ட், ஜீன்ஸ். முகம் நேராக, பக்கவாட்டில், முக்கால்வாசி திரும்பி, பல் தெரியச் சிரித்து, சிரிக்காமல், தலை முதல் கால் வரை முழு உருவம் என ஆறு படம். பெண்கள் முடியைக் கட்டி ஒன்று, விரித்து ஒன்று சேர்த்துக்கோங்க. செல்ஃபி வேண்டவே வேண்டாம். கேமரா முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மூக்கு பெருசாகவும், காது சின்னதாகவும் விழும். நண்பரை ஆறு, ஏழு அடி தள்ளி நிற்கச் சொல்லி, பின்பக்க கேமராவில் கொஞ்சம் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்க. முழு உருவம் எடுக்கும்போது போன் அவர் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால், ஆறடி ஆளும் குள்ளமாகத் தெரிவார். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் போடும், அதனால் காலை வெயிலோ, நாலு மணிக்கு மேல் வெயிலோதான் பெஸ்ட். பியூட்டி மோட், ஃபில்டர் எல்லாத்துக்கும் டாட்டா!

எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு?

மும்பை ராம்ப் வேற, நம்ம ஊர் மார்க்கெட் வேற. இங்கே விளம்பரம் என்றால் பட்டுப்புடவை, நகை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி கலெக்‌ஷன், வேட்டி சட்டை, ஆன்லைன் கடைகளுக்கான கேட்டலாக் இவைதான் அதிகம். ராம்ப்பில் உயரம் ரொம்ப முக்கியம். பிரின்ட் விளம்பரத்திலும் கேட்டலாக்கிலும் அந்தக் கண்டிப்பு குறைவு. அஞ்சே கால் அடி இருக்கிறவங்களுக்கும் அங்கே இடம் உண்டு.

ஆகவே, கோட் சூட்டில் பத்து படம் எடுத்து அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை. ஒரு க்ளோஸ் அப், ஒரு புடவை அல்லது வேட்டி, ஒரு கேஷுவல், ஒரு ஆபீஸ் லுக், வியர்க்க விறுவிறுக்க ஒரு ஸ்போர்ட்ஸ் படம் என்று கலந்து வையுங்க. கை, கழுத்து, காது அழகாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு க்ளோஸ் அப். நகை விளம்பரங்களில் வளையல் போட்ட கைக்கும் ஒரு மாடல் வேணுமே!

மொத்தம் பத்திலிருந்து பதினைந்து படம் போதும். நாற்பது படம் இருந்தால், பார்க்கிறவர் மனதில் நிற்பது அதில் இருக்கும் மோசமான படம்தான். பெஸ்ட் படம் முதலில், அடுத்த பெஸ்ட் கடைசியில். 'இது சுமார்தான், இருந்தாலும் இருக்கட்டுமே' என்று தோன்றுகிற படத்தை யோசிக்காமல் தூக்கிடுங்க.

போட்டோகிராஃபரைப் பிடிப்பது எப்படி?

கல்யாண ஆல்பம் அட்டகாசமாகப் போடுகிறவர், மாடல் படமும் அப்படியே எடுப்பார் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே எடுத்த மாடல் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

பட்ஜெட் இடிக்குதா? உங்க காலேஜிலோ, பக்கத்து காலேஜிலோ விஸ்காம் டிபார்ட்மென்ட் இருக்கும். அங்கே படிக்கிறவர்களுக்கும் படம் எடுத்துக் காட்ட ஆள் தேவை. அவங்க எடுக்கட்டும், நீங்க நில்லுங்க. யாருக்கும் காசு இல்லை, படம் ரெண்டு பேருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு 'டி.எஃப்.பி.' என்று பெயர்.

இதில் ஒரு சட்ட பாயின்ட்டும் இருக்கு. காசு கொடுத்து நீங்க எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நீங்கதான் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ம் வருட காப்புரிமைச் சட்டம். ஓசியில் எடுத்தால் உரிமை படம் எடுத்தவருக்கு. ஆகவே, 'இந்தப் படத்தை யார், எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்?' என்பதை ஒரு தாளில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க. நட்பும் கெடாது.

ஷூட்டுக்கு முன்னாடி...

* முதல் நாள் ஃபேஷியல், புது க்ரீம் எதுவும் வேண்டாம். முகம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பினால் ஷூட் காலி.
* கையில் ரப்பர் பேண்ட், டைட்டான சாக்ஸ், இறுக்கமான எலாஸ்டிக் போடாதீங்க. அந்தத் தழும்பு மறையவே நேரமாகும்.
* உடைகளை அயர்ன் பண்ணி ஹேங்கரில் எடுத்துட்டுப் போங்க. பை நிறைய சேஃப்டி பின்!
* பசங்களுக்கு ஒரு ட்ரிக். முதலில் தாடியோடு எடுங்க, அப்புறம் ட்ரிம், கடைசியில் க்ளீன் ஷேவ். ஒரே நாளில் மூணு ஆள் கிடைப்பான்!
* கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிடம் பழகுங்க. ஒரு காலில் எடையைப் போடுங்க, தோளைத் தளர்த்துங்க. 'கையை எங்கே வைக்கிறது?' என்ற குழப்பம் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

கலரை மாத்தாதீங்க பாஸ்!

விஷயம் இங்கேதான் சீரியஸ். 'தம்பி, கொஞ்சம் ப்ரைட் பண்ணிடலாமா?' என்று எடிட்டிங் டேபிளில் ஒரு கேள்வி வரும். கறுப்பு, மாநிறம் என்றாலே தயங்க வைக்கும் ஊர் இது என்பதால், பலரும் தலையாட்டி விடுகிறார்கள். இதில் ரெண்டு நஷ்டம். ஒண்ணு, படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர் நேரில் வேறு ஆளைப் பார்ப்பார், வேலை போச்சு. ரெண்டாவது பெருசு. உங்க நிறத்தை நீங்களே 'சரியில்லை' என்று சொன்ன மாதிரி ஆகிடும்.

காற்று மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆனால் திரும்புகிறது. சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை ஆரம்பித்தது. நிறத்தை வைத்து யாரையும் மட்டம் தட்டும் விளம்பரம் கூடாது என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2014-ல் விதி போட்டது. 2017-ல் சென்னை போட்டோகிராஃபர் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தருடன் சேர்ந்து, கறுப்பு நிற மாடல்களையே தெய்வங்களாக நிறுத்தி 'டார்க் இஸ் டிவைன்' படங்களை எடுத்தார். 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது.

நாளைக்குப் போய்விடும் பருவை எடிட்டிங்கில் எடுக்கலாம். மச்சம், தழும்பு, நிறம் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. இதை ஷூட்டுக்கு முன்னாலேயே சொல்லிடுங்க.

விசிட்டிங் கார்டு மாதிரி ஒரு கார்டு

முன்பக்கம் ஒரு க்ளோஸ் அப், பின்பக்கம் நாலு படம், கூடவே பெயர், உயரம், உடை அளவு, ஷூ சைஸ், இ-மெயில். இதுதான் 'காம்ப் கார்டு'. மாடலிங்குக்கு என்றே தனி இ-மெயில் வைத்துக்கோங்க. வீட்டு விலாசம் வேண்டாம். மெயிலில் அனுப்புகிற பி.டி.எஃப். ஃபைலுக்கு உங்க பெயரையே வையுங்க. 'ஃபைனல் ஃபைனல் 2' என்று அனுப்பினால் யார் தேடுவார்கள்? முடி வெட்டினாலும், எடை ஏறினாலும், இறங்கினாலும் படத்தை மாத்திடுங்க.

உஷார் பார்ட்டி!

'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க', 'போர்ட்ஃபோலியோ எங்ககிட்டதான் எடுக்கணும்' என்று ஒரு ஏஜென்சி சொன்னால், கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நல்ல ஏஜென்சி, நீங்க சம்பாதிக்கிற பணத்தில் கமிஷன் எடுக்கும், நீங்க சம்பாதிக்கும் முன்னால் உங்க பாக்கெட்டில் கை விடாது.

புடவை விளம்பரத்துக்கு எதற்கு பிகினி படம்? ஷூட்டுக்கு எதற்கு ராத்திரி பத்து மணி, ஓட்டல் ரூம்? இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீங்க. ஷூட்டுக்கு ஒரு ஃப்ரெண்டையோ, அக்காவையோ கூட்டிட்டுப் போங்க. 'கூட யாரும் வரக் கூடாது' என்றால் நீங்களும் போகக் கூடாது. ஆடை மாற்றும் அறையில் செல்போன் எதுவும் வைக்கப்படவில்லையா என்று ஒரு பார்வை பாருங்க. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் எடுத்தாலோ, பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. பணம் ஏமாந்தால் 1930, பெண்களுக்கு உதவி 181. ரெண்டு நம்பரையும் போனில் சேவ் பண்ணுங்க. பதினெட்டு வயசு ஆகாதவங்க போடும் ஒப்பந்தம் செல்லாது, அவங்க அப்பா அம்மா இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. பத்து இடத்துக்கு அனுப்பினால், ஒன்பதில் பதிலே வராது. அது உங்க முகத்துக்குப் போட்ட மார்க் இல்லை, அந்த விளம்பரத்துக்கு வேறொரு முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த மெயிலைத் தட்டிவிட்டு, இன்டர்னல் டெஸ்ட்டுக்குப் படிக்கப் போங்க. அரியர் வெச்சா எந்த ஏஜென்சியும் வந்து எழுதித் தராது!

ரெடி... ஸ்மைல் ப்ளீஸ்!